பெட்டியின் அனல்

அன்று காலை அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் இருந்தவர்கள்: ஐஸ் பெட்டிக்குள் தங்கராசு. தலைமாட்டில் அவர் மனைவி மங்கலம். கால்மாட்டில், சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த மகள் வெண்மதி. வாசல் பந்தலில் மங்கலத்தின் தம்பி பக்கிரி, இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தங்கராசுவோடு வேலை பார்த்த கொளஞ்சி, வாடகைப் பெட்டிக்காரர். மகன் திருநாவுக்கரசு, மங்கலத்தின் கையிலிருந்த போனுக்குள் இருந்தான். சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் இன்னும் கரை தொடவில்லை.

"நாளான்னிக்கு வந்துடுவேம்மா. அதுவரைக்கும் வச்சிருங்க," என்றான்.

வெண்மதி காலை இழுத்துக்கொண்டாள். பெட்டியின் அடியிலிருந்த மோட்டார் அனலாக ஊதியது. உள்ளே இருப்பவரைக் குளிர வைக்க, வெளியே இருப்பவர்களின் காலைச் சுட்டது.

பங்குனி வெயில்தான். சித்திரைகூடப் பிறக்கவில்லை. முந்தின நாள் ரேஷன் கடையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சிப்காட் ரோட்டில் சுருண்டு விழுந்தார். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"ஆயுசு பூரா மைனசு டிகிரி குளுருல நின்ன மனுசன். வெய்யிலு அடிச்சிப் போட்டுச்சு பாரு," என்று கொளஞ்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கராசுவுக்குக் கம்பெனியின் கோல்டு ரூமை விட்டால் வேறு பேச்சு கிடையாது. கிள்ளைப் பக்கம் குட்டையில் வளரும் இறால், அமெரிக்காவில் யாரோ ஒருவரின் தட்டில் விழும்வரை வெயிலைப் பார்க்கக் கூடாது. லாரியில் குளிர், ரூமில் குளிர், கண்டெய்னரில் குளிர், கப்பலில் குளிர். "இவ்ளோ குளுரும் சும்மாவா வருது? மொத்தச் சூட்டையும் பின்னால தள்றான். டீசல் பொகைய மேல தள்றான். எறா சீமைக்குப் போயிடுது, சூடு நம்மகிட்டயே நின்னுடுது," என்பார். சொல்லிவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போவார். வேறு எங்கே போவது? அப்படியொரு கப்பலில்தான் மகனும் ஏறினான்.

ஒருமுறை அவர் அந்த ரூமுக்குள் நிற்பது தெரியாமல் வெளியே பூட்டிவிட்டார்கள். தட்டித் தட்டிக் கை மரத்துப்போன பிறகுதான் யாரோ திறந்தார்கள். அதன்பின் அவர் எந்தக் கதவையும் சும்மா சாத்தியதில்லை. வீட்டுக் கக்கூஸ் கதவானாலும் தலையை நீட்டி, "உள்ள யாரு?" என்று ஒரு குரல் கொடுப்பார். பதிலுக்குக் காத்திருப்பார். அப்புறம்தான் தாழ்ப்பாள்.

"ஆமா, உள்ள கலெக்டரு ஒக்காந்திருக்காரு," என்பாள் மங்கலம்.

பொங்கலுக்கு வெண்மதி வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னார்: "நான் போயிட்டா அந்த ஐஸ் பொட்டில மட்டும் போட்டுடாத பாப்பா." அவள், "பேச்சப் பாரு," என்று எழுந்து போய்விட்டாள்.

இன்று அவள் வந்து இறங்கியபோது பெட்டியில் வைத்து மூடியிருந்தார்கள். சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

வெயில் ஏறியதும் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. பெட்டியின் கண்ணாடி வியர்த்து, தங்கராசுவின் முகம் மறைந்தது.

"ஊரு பூரா ஏசி ஓடுதுல்ல, டிரான்ஸ்பார்மர் போயிருக்கும். ஜெனரேட்டர் எடுத்தாறேன்," என்றார் பெட்டிக்காரர்.

"சட்டுனு எடுத்துட்டு வா மாப்ள," என்றான் பக்கிரி.

"வாணாம் மாமா."

வெண்மதி அம்மாவிடமிருந்து போனை வாங்கினாள். "அண்ணா, அப்பாவுக்கு இந்தப் பொட்டி வாணாமாம். எங்கிட்ட சொன்னாரு."

"ஏண்டி, எம்புள்ள அப்பன் மூஞ்சிய பாக்க வாணாமா?" என்றாள் மங்கலம். "நீ வந்து பாத்துட்ட. உனுக்கென்ன?"



 போனில், திருநாவுக்கரசுக்குப் பின்னால் அடுக்கியிருந்த குளிர்க் கண்டெய்னர்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பூட்டிட்டாங்களே, அதுக்கா?" என்றான்.

"ஆமாண்ணா."

"தொறந்துடு. மூஞ்சிய மட்டும் ஒருவாட்டி கிட்டக்க காட்டு."

கொளஞ்சியும் பக்கிரியும் மூடியைத் தூக்கினார்கள். அவள் ஒரு கையால் போனை அப்பாவின் முகத்துக்கு மேலே பிடித்தாள். மறு கையால் அவர் கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. சின்ன வயதில், ஷிப்டு முடிந்து அவர் வரும்போதும் இப்படித்தான் இருக்கும். ஓடிப்போய் அந்த உள்ளங்கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். சூடேறியதும், "அவ்ளோதான் பாப்பா, தீந்துடுச்சு," என்பார். மற்ற கையைப் பிடுங்குவாள்.

இப்போதும் எடுத்து வைத்துக்கொண்டாள். சீக்கிரமே சூடேறிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். திருநாவுக்கரசு வந்தபோது சாம்பல்கூட இல்லை, கடலில் கரைத்தாகிவிட்டது. பெட்டி இருந்த இடத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தான். காரியம் முடிந்ததும் கப்பலுக்குப் போய்விட்டான். மங்கலம் மகளுக்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள். அந்த நாளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வெண்மதி அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போவதென்று முடிவானது. மங்கலம் பையோடு வாசலில் இறங்கி நின்றாள். வெண்மதி கதவை இழுத்தாள்.

"இரு," என்றாள் மங்கலம்.

பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பப் படியேறி வந்தாள். தலையை உள்ளே நீட்டினாள்.

"உள்ள யாரு?"

வெயிலில் கூரை டக் டக்கென்று சத்தம் போட்டது. ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போய் ஓய்ந்தது. இருவரும் நின்றார்கள்.

"சாத்து," என்றாள் மங்கலம்.

வெண்மதி கதவைச் சாத்திப் பூட்டினாள்.