வரத்துக்காலில் போட்ட வரப்பு

ஊருணிக் கரையில் முதலில் குடம் உடைந்தது, பிறகு மண்டை உடைந்தது. கார்த்திகை மாதம். படிக்கட்டு முங்கத் தண்ணீர் நிற்க வேண்டிய நேரத்தில், நடுவே தோண்டிய ஊற்றுக்குழியில் கலங்கலாகக் கொஞ்சம் கிடந்தது. அதற்குத்தான் பெண்கள் அடித்துக்கொண்டார்கள். வீரணனின் மனைவி மீனம்மாள் நெற்றியில் ரத்தம் வழிய, வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக? இன்னைக்கு மண்டை, நாளைக்குக் கொலை விழும்" என்றாள்.

காரைக்குடிச் சீமையில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஏது? கடலில் புயல் கிளம்பினால்தான் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால்தான் ஊருணி நிறையும். தொண்டிக் கரையில் வலை போடுகிறவன் எந்தப் புயல் வேண்டாம் என்று சாமி கும்பிடுவானோ, அதே புயலை இங்கே ஏர் பிடிக்கிறவன் சாமி கும்பிட்டுக் கூப்பிடுவான். அந்த வருஷம் கடல் சும்மா கிடந்தது. ஐப்பசியில் ஒரே ஒரு மழை பெய்தது, அந்தத் தண்ணீரும் கண்மாய்க்கு வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பது வீரணனுக்கு மட்டும் தெரியும். மேட்டுக்காட்டிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை, ஆள் நடமாட்டம் இல்லாத கருவேலங்காட்டுக்குள் மறித்து வரப்புப் போட்டுத் தன் புஞ்சையோடு சேர்த்துக்கொண்டவன் அவன்தான்.

அன்று பொழுது சாயும் நேரம் ஐயனார் கோயிலில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் முத்துராமன் அம்பலம் சொன்னார்: "காலையில எல்லாருமா வரத்துக்காலை நடந்து பாத்துருவோம். பெஞ்ச தண்ணி எங்குட்டுப் போச்சுன்னு தெரியணும்."

போன பஞ்சத்தில் மடையை மாற்றித் திறந்தவனைப் புளியமரத்தில் கட்டிவைத்து, கால் ஒடியும் வரை அடித்த ஊர் இது. அடித்தவர்களில் வீரணனும் ஒருவன். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"வரத்துக்காலை நடந்து பாத்து என்னங்கய்யா செய்ய? வெம்புள்ளிக்காரனப் பொதச்சு வச்சுக்கிட்டு மழையத் தேடுனா எப்படி?"

வெண்புள்ளி விழுந்த உடம்பைப் புதைத்தால் மழை மாறிப்போகும், தோண்டி எடுத்து எரித்தால்தான் பெய்யும் என்று பலர் நம்பிய காலம். அப்படிப் புள்ளியோடு செத்துச் சித்திரையில் மண்ணுக்குள் போனவன் சின்னக்கருப்பன். அவன் வேறு யாருமில்லை, வீரணனின் கூடப்பிறந்த அக்காள் அக்கம்மாளின் புருஷன்.

"மச்சினனே சொல்லும்போது நமக்கென்ன?" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. தொண்டை வறண்டவனுக்கு யாரையாவது அடிக்க வேண்டும். உயிரோடிருப்பவன் திருப்பி அடிப்பான், செத்தவன் அடிக்க மாட்டான்.

விடிந்ததும் கடப்பாரை, மண்வெட்டி, விறகுக்கட்டு சகிதம் கூட்டம் சுடுகாட்டுக்குப் போனது. புதைமேட்டின் மேல் அக்கம்மாள் குப்புறப் படுத்திருந்தாள்.

"அக்கா, எந்திரி" என்றான் வீரணன்.

"மாட்டேன்டா. ஒனக்கு வெசக்காய்ச்சல் வந்தப்போ தோள்ல போட்டுக்கிட்டுக் காரைக்குடி வைத்தியருட்ட ஓடுன மனுசன்டா இவரு. அன்னைக்கு அந்தப் புள்ளி ஒம்மேல ஒட்டுச்சா?"

இரண்டு பேர் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் ஒருவன் கையைக் கடித்தாள். இன்னொருவன் அவளை விலாவில் உதைத்தான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வீரணன் மண்வெட்டியை ஓங்கி மேட்டில் போட்டான். அந்த நேரம் பார்த்து அவள் திமிறிவந்து கையைக் குறுக்கே நீட்டினாள். இரண்டு விரல்கள் துண்டாகி விழுந்தன. காய்ந்து கிடந்த மண்ணில் ரத்தம் ஊறியது.

அக்கம்மாள் அலறவில்லை. கையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"இந்த ஈரம் போதுமான்னு பாருடா. போதலைன்னா இன்னொரு கை இருக்கு."

மண்வெட்டி அவன் கையிலிருந்து நழுவியது. வீரணன் மண்டியிட்டு அழுதான்.

"நிப்பாட்டுங்க. மச்சான் மேல குத்தமில்ல. தண்ணிய மறிச்சது நான். கருவேலங்காட்டுக்குள்ள வரப்புப் போட்டிருக்கேன். மாட்டிக்கிருவேன்னு பயந்து அவரக் காட்டிக் குடுத்தேன்."

கூட்டம் அப்படியே அவன் பக்கம் திரும்பியது. மேட்டை இடிக்கக் கொண்டுவந்த கடப்பாரையின் பின்முனை அவன் முதுகில் இறங்கியது. விறகுக்கட்டை தலையில் விழுந்தது, பல் தெறித்தது. வீரணன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

தடுத்தவள் அக்கம்மாள்தான். முந்தானையில் சுற்றிய கையோடு இடையில் வந்து நின்றாள்.

"நேத்து இவன் சொன்னான்னு என் புருசனத் தோண்ட வந்தீக. இன்னைக்கு இவனக் கொன்னுட்டு, நாளைக்கு யாரத் தேடப் போறீக? அவனை விடுங்க. வரப்பு போட்ட கையே அத வெட்டட்டும்."

அம்பலம் தலைகுனிந்து, தன் கையிலிருந்த கழியைக் கீழே போட்டார். மற்றவர்களும் பின்வாங்கினார்கள். வீரணன் தட்டுத் தடுமாறி எழுந்து, அக்காளின் ரத்தம் காயாத அந்த மண்வெட்டியையே எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டை நோக்கி நடந்தான். ஊரே பின்னால் போனது. வரப்புக்கு அந்தப்பக்கம் அவன் புஞ்சையில் ஐப்பசித் தண்ணீர் இன்னும் சேறாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் சிலர் பல்லைக் கடித்தார்கள். அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருந்தான்.

பின்னாலேயே வந்திருந்த அக்கம்மாள் ஊரைப் பார்த்துச் சொன்னாள்:

"மழை பேயாதது வானத்தோட இஷ்டம். பெஞ்ச தண்ணிய மறிச்சது மனுசன் செஞ்ச தப்பு. அந்தத் தப்ப மறைக்க வாயில்லாதவன் மேல பழி போடுற ஊருல, நூறு புயல் வந்தாலும் கம்மா நெறையாது."