அத்தை ஏறினால் எரியும் விளக்கு

டெய்லரின் பைக்குக்கு அவருடைய மாமியாரைப் பிடிக்கவில்லை. இப்படித்தான் அந்தத் தெருவில் பேச்சு. அந்த அம்மாள் பின்சீட்டில் ஏறி, வண்டி தெருமுனையைத் தாண்டினால் போதும், மீட்டருக்குள் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரியும். அவர் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். டெய்லரின் மனைவி ஏறினால் எரியாது. பொத்தான் கடைக்காரர் ஏறினாலும் எரியாது. அவரோ மாமியாரைவிட ஒரு சுற்றுப் பெருத்தவர். ஊரில் உள்ள மருமகன்கள் எல்லாம் மனசுக்குள் பொத்தி வைத்திருப்பதை இந்த வண்டி பகிரங்கமாகச் சொல்கிறது என்று பொத்தான் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். டெய்லர் சிரிக்கவில்லை.

ஏனென்றால், நம்பினால் நம்புங்கள், டெய்லருக்கு மாமியாரைப் பிடிக்கும். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பாதி நாள் அவள் வீட்டில் இருக்கமாட்டாள். தையல் மிஷினும் தானுமாகக் கிடந்தவருக்கு, அத்தை வந்து தங்கிய பிறகுதான் வீட்டில் பேச்சுத் துணை கிடைத்தது. அளவு கொடுத்துவிட்டு வாடிக்கையாளர் வாசலைத் தாண்டியதும், அந்த ஆளின் இடுப்பைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை சொல்லுவார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருக்கும் டெய்லர் சிரிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் திண்டாடிப்போவார். இப்படிப்பட்ட அத்தை போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடும். அத்தையோ போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன விளக்கால் வந்த வினை. அத்தைக்கு முதுகுவலி. உடற்பயிற்சி சொல்லித்தரும் டாக்டரிடம் டெய்லர்தான் பைக்கில் கூட்டிப்போவார். வழி நெடுக அத்தை அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்.

"எரியுதா மாப்பிள்ளை?"

"இல்லைங்க அத்தை" என்று டெய்லர் இடது கையால் மீட்டரை மூடிக்கொள்வார். விரல் இடுக்கில் மஞ்சள் தெரியும். ஒற்றைக் கையால் திருப்பத்தில் வளைக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வரும்.

"இந்த வீட்டுக்கு நான் பாரம்னு நீங்க யாரும் வாயைத் திறந்து சொல்லல" என்றார் அத்தை ஒருநாள். "வண்டி சொல்லிடுச்சு. அது வாயில்லா ஜீவன், அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." மூத்த மகளிடம் கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். பெட்டி அன்றைக்கே கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டிலுக்கு மேலே வந்துவிட்டது.

டெய்லர் மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், வண்டியில் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தார். எங்கேயோ ஒரு வயர் விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று கருவி சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை. சீட்டைத் தூக்கி ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்த்தார். விளக்கு கப்சிப். எரியும்போது கொண்டுவாருங்கள், அணைந்த விளக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கையை விரித்துவிட்டார்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. அத்தையின் எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்றார். டெய்லர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. எடை மட்டும் போதுமா, உட்காரும் வாகு வேண்டாமா? இரவோடிரவாக அத்தையின் அளவுக்கே ஒரு சாக்குத் தைத்தார். இடுப்பு, தோள் எல்லாம் கச்சிதம். மணலை அடைத்துப் பின்சீட்டில் கட்டி ஊர்வலம் போனார். கண் சரியாகத் தெரியாத எதிர்வீட்டுப் பெரியவர் அதற்கு வணக்கம் சொல்லி, முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அது பதில் சொல்லவில்லை என்று அத்தையிடம் பிறகு குறைப்பட்டுக்கொண்டார். விளக்கு மட்டும் எரியவே இல்லை.

"மூட்டைக்கு எரியல, உங்க அத்தைக்கு எரியுது" என்றார் மெக்கானிக், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "வண்டிக்கு ஆள் தெரியுது சார்."

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். டெய்லர் யாரிடமும் சொல்லாத சமாச்சாரம் அது. விளக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் விட்டுவிட்டார். முன்பு ஒருமுறை அத்தை பைக்கிலிருந்து இறங்கும்போது, முகத்தைச் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார். சீட்டு உறுத்துகிறதா என்று கேட்டதற்கு, எனக்கென்ன கிழடு தட்டிவிட்டதா என்று அத்தை சீறினார். மூக்குக்கு மேலே கோபம் வருகிற மனுஷி. அதனால் டெய்லர் கமுக்கமாக ஒரு காரியம் செய்தார். அத்தையின் ஸ்பாஞ்சு தலையணையில் பாதியை வெட்டி, ஓரத்தில் நீலப் பட்டி வைத்து ஒரு குட்டி மெத்தை தைத்தார். அத்தையைக் கூட்டிப்போகிற நாளில் மட்டும் அதைப் பின்சீட்டுக்கு அடியில் செருகுவார். வந்ததும் எடுத்து ஒளித்துவிடுவார். மீதிப் பாதியை அழகாக மூட்டிக் கட்டிலில் வைத்துவிட்டார். மகள் வெந்நீரில் துவைத்துத் தலையணையைச் சுருக்கிவிட்டாள் என்று அத்தை மகளோடு பேசும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மெக்கானிக்கிடம் போகும்போதும் டெய்லர் ஞாபகமாக அதை எடுத்துவிடுவார். மாமியாருக்கு மெத்தை தைத்தது வெளியே தெரிந்தால் பொத்தான் கடைக்காரர் சும்மா விடுவாரா?

கடைசியில் அத்தையையே மெக்கானிக் கடைக்கு நடத்திக் கூட்டிவந்து, ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்காரவைத்தார்கள். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலைமை தாங்க வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். மெக்கானிக் என்ஜினை உறுமவிட்டார். காற்றடிக்க வந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். எரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் போகும்போது பளிச்.

"பார்த்தீங்களா, நாலு பேர் முன்னாடி நல்ல பிள்ளை மாதிரி நடிக்குது" என்றார் அத்தை. அவர் குரல் கம்மிப்போயிருந்தது. டெய்லருக்கு வண்டியை அப்படியே சாக்கடையில் தள்ளலாம் என்று இருந்தது.

சனிக்கிழமை வந்தது. டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இதுதான் அத்தையோடு கடைசிச் சவாரி என்ற நினைப்பில் டெய்லர் மீட்டரைக் கையால் மூடவும் மறந்துவிட்டார். விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. கடை வாசலில் நின்றிருந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் பாய்ந்து மறித்தார். அம்மா இறங்கக்கூடாது, சார் அணைக்கக்கூடாது என்று இரண்டு பேரையும் வண்டியோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். டெய்லருக்கு அப்போதுதான் சீட்டுக்கு அடியில் இருப்பது உறைத்தது. நேரமாகிவிட்டது, பிறகு வருகிறேன் என்று அவர் முனகியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெக்கானிக் அத்தையை உட்காரவைத்தபடியே சீட்டு இடுக்கில் கையை விட்டுத் துழாவினார்.

"மெத்து மெத்துனு என்னமோ இருக்கு. எலி கூடு கட்டியிருக்கும்போல."

எலி என்றதும் முதுகுவலிக்காரரான அத்தை குதித்து இறங்கினார். டெய்லர் சீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார், பேயறைந்தவர் போல. கையை எடுங்கள் என்றார் மெக்கானிக். எடுக்கவில்லை. அத்தை மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுங்க மாப்பிள்ளை."

டெய்லர் எடுத்தார். சீட்டு திறந்தது. நீலப் பட்டி வைத்த குட்டி மெத்தை, கீழே இருந்த வயர் இணைப்பின் மேல் சரியாகப் படுத்திருந்தது. மெக்கானிக் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார், மஞ்சள் எரிந்தது. விட்டார், சற்று நேரத்தில் அணைந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

அத்தை மெத்தையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தையலைத் தடவினார். அந்தத் தெருவில் அப்படித் தைக்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

"இது என் தலைகாணி."

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு, உங்களுக்கு உறுத்துமே என்றுதான் வைத்தேன் என்றார்; சொன்னால் கோபித்துக்கொள்வீர்களே என்றுதான் சொல்லவில்லை என்றார்.

"முதுகு தேறினது அந்த டாக்டரோட கைராசின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன்" என்றார் அத்தை. கண்ணைத் துடைக்கக் கைப்பைக்குள் எதையோ தேடினார்.

நசுங்கிய இணைப்புக்கு மாற்று வெளியூரிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்றார் மெக்கானிக். என்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதுவரை மெத்தையை எடுத்துவிட்டால் விளக்கு எரியாது, அவ்வளவுதான் விஷயம் என்றார்.

அத்தை மெத்தையை அவரிடம் நீட்டினார். "இருந்த இடத்துலயே வைங்க."

"வச்சா எரியுமேம்மா."

"எரியட்டும்."

திரும்பும் வழியில் டெய்லர் இரண்டு கையாலும் பிடித்து ஓட்டினார். தோளுக்கு மேலே வழக்கம்போல முகம் எட்டிப் பார்த்தது.

"எரியுதா மாப்பிள்ளை?"

"எரியுதுங்க அத்தை."

அத்தை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பெரியவளுக்குப் போன் போட்டு நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லவேண்டும், ஏன் என்று கேட்பாளே, என்ன காரணம் சொல்வது என்று கேட்டார்.

டெய்லர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

"வண்டி இன்னும் சரியாகலைன்னு சொல்லுங்க அத்தை."