ஓட்டுநர் இல்லாமல் பின்னால் வந்த ஜீப்

ஆஸ்பத்திரி வளாகத்தின் மூலையில் ஜீப் சருகு மூடிக் கிடந்தது. நெஞ்சுவலியோடு அவள் கணவர் தானே ஓட்டிவந்து நிறுத்திய இடம். பக்கத்தில் படுத்திருந்தவளை அவர் எழுப்பக்கூட இல்லை. விடிந்து போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்கவில்லை. வண்டியை எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் மறுபடி மறுபடி ஆள் விட்ட பிறகுதான், தண்ணீர் கேன் போடும் தன் பிக்கப்பில் கொழுந்தனை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை.

"கயிறு கட்டுங்க அண்ணி. நான் உள்ள உக்காந்து ஸ்டியரிங் பிடிச்சுக்கறேன்" என்றான் கொழுந்தன்.

"இறக்கத்துல கயிறு தொய்ஞ்சா என் முதுகுலதான் வந்து இடிப்பீங்க, தம்பி. இஞ்சின் ஓடாட்டி பிரேக் கல்லு மாதிரி இருக்கும். அந்த வண்டியில ஒருத்தர் போனது போதும்."

கயிறுக்குப் பதிலாக வண்டியை இழுக்கப் பட்டறையில் இரவல் வாங்கிய இரும்புக் கை ஒன்று பிக்கப்பில் கிடந்தது. இரண்டாகப் பிரியும் முனைகளை ஜீப்பின் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கி, மறுமுனையைப் பிக்கப்பின் பின்கொக்கியில் மாட்டினாள். அறுந்தாலும் பிடிக்கட்டும் என்று சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினாள். ஜீப்பின் பின்னால் சிவப்பு விளக்குப் பலகையைக் கட்டி ஒயரை இழுத்துக் கொடுத்தாள். முன்சக்கரங்கள் சும்மா சுழலும்படி அவற்றின் லாக்குகளைத் தானே திருகி விடுவித்தாள். கதவைத் திறக்க மட்டும் கை வரவில்லை.

"உள்ள நீங்களே பாருங்க. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் லாக்கை எடுங்க. ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க. பெரிய கியரைப் போட்டபடி விட்டுட்டு, ஃபோர்வீல் லிவரை மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளுங்க. அப்பத்தான் சக்கரம் இஞ்சினை இழுக்காம சும்மா சுத்தும்."

"தள்ளியாச்சு அண்ணி!"

பிக்கப் ஊர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். காலி இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. வளைவுக்கு வளைவு, யாரோ நிதானமாகப் பிடித்து ஒடிப்பதுபோல. கண்ணைச் சாலைக்குத் திருப்பினாள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மேட்டில் ஏறும்போது பிக்கப் திணறியது. பின்னாலிருந்து ஒரு முனகல். ஓரங்கட்டி இறங்கிக் குனிந்து, ஜீப்பின் அடியில் அந்த ஃபோர்வீல் லிவர் போய்ச் சேரும் சின்ன கியர் பெட்டியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கொதித்தது.

"நியூட்ரல்ல விழலையே, தம்பி."

அவன் முகம் வெளிறியது. "விழுந்த மாதிரிதான் இருந்துச்சு…"

தப்பு அவனுடையது மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். கிளம்புமுன் தான் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்துக் கதவைத் திறந்தாள்.

லிவர் பாதியில் நின்றிருந்தது. டாஷ்போர்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி, மடித்து, உறைக்குள் போட்டு, மூடி அழுத்தப்பட்டிருந்தது. உயிர் போகிற வலியிலும் கண்ணாடியை உறையில் போட்டிருக்கிறார். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே?

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள் இருக்கையைப் பார்த்து. "தொட்டு எழுப்பினா தேய்ஞ்சா போயிருப்பேன்?"

கொழுந்தன் சாலைப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான். அவளுக்கும் அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீட்டில் வராத அழுகை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். "இனி லிவரை நம்ப வேண்டாம். பெட்டியையும் பின்சக்கரத்தையும் சேர்க்கிற ஷாஃப்டையே கழட்டிடலாம்."

சக்கரங்களுக்குக் கல் வைத்து, பெட்டி ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு இருவரும் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார்கள். திரும்பப் பூட்டும்போது அதே வாக்கில் சேர வேண்டும் என்று இணைப்பில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றினாள். அவன் ஷாஃப்டை மார்பில் தாங்கிக்கொண்டான்.

"அண்ணன் உங்களை எழுப்பாததுக்கு…" என்று இழுத்தான் அவன்.

"காரணம் தேடாதீங்க, தம்பி. எனக்குக் கோவம் இருந்துட்டுப் போகட்டும்."

மிச்ச வழியை மாட்டுவண்டி வேகத்தில் கடந்தார்கள். நடுவில் இறங்கி அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. சக்கரக் குடங்களும் சூடாகவில்லை.

வீட்டு வாசலில் இரும்புக் கையைக் கழற்றியதும், உள்ளே தள்ள ஆள் கூப்பிட்டு வரப் போனான் கொழுந்தன். பிரேக் மிதிக்க ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். அவளே ஏறினாள். கால் எட்டவில்லை. அடியில் துழாவிப் பிடியைத் தூக்கி, இருக்கையைத் தன் அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.