ஏற்றிய எடையை இறக்க வந்தவன்

டெல்வின் புக்கர் எங்கள் கல்லூரிக்கு வந்தபோது அவன் எடை இருநூற்று நாற்பத்திரண்டு பவுண்டு. தெருவில் பார்த்தால் மலை மாதிரி இருப்பான். ஆனால் அலபாமாவில், பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நிற்க வேண்டிய முன்வரிசைக்காரனுக்கு அது நோஞ்சான் உடம்பு.

"முந்நூறு வேணும்" என்றார் கோச் ராய்ஸ் ஹால்டேன்.

ஹால்டேன் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் உடற்பயிற்சி கோச். ஆட்டம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலையல்ல. ஆடுவதற்கான உடம்பைச் செய்துகொடுப்பதுதான் அவர் வேலை. ஜிம் அவருடைய ராஜ்ஜியம், சாப்பாட்டுக் கூடம் என்னுடையது. பையன்களுக்கு நான் மிஸ் வெர்னீஸ். ஒவ்வொருவனுக்கும் என்ன போட வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதி அனுப்புவார், நான் போடுவேன். டெல்வினின் தாளில் நாளைக்கு ஆறு வேளை இருந்தது. காலையில் மட்டும் ஒன்பது முட்டை, ஒரு பெரிய கிண்ணம் சோளக் கஞ்சி, அதன் மேல் வெண்ணெய், பன்றிக்கறி.

ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டான். "மிஸ் வெர்னீஸ், வாய் வலிக்குது."

"பேசாம மெல்லு. பேசினா இன்னும் வலிக்கும்" என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை.

மூன்றாம் வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு. இருபத்தாறு ஆட்டங்களில் முதல் வரிசையில் நின்றான். அவனைத் தாண்டி ஒரு பயல் போனதில்லை. படிப்பு முடிந்தது, தொழில்முறை அணிகள் எதுவும் அழைக்கவில்லை. நாற்பது மைல் தள்ளி ஒரு மரவாடியில் வேலைக்குப் போனான். அது புதிதல்ல. பையன்கள் போவார்கள், வேறு பையன்கள் வருவார்கள், புதுத் தாள் வரும்.

எட்டு வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பையன்களுக்குப் பால் கொடுக்க ஜிம்முக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"கோச், என்னை ஞாபகம் இருக்கா?"

"டெல்வின்! எப்படிடா இருக்க?"

"முந்நூத்தி எழுபத்தொண்ணு இருக்கேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். கோச் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம் கோச். முகத்துல குழாய் மாட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. சைக்கிள் பழக்கிவிடலாம்னா பின்னாடி பத்தடி ஓட முடியல. இப்படியே போனா நாப்பதைத் தாண்ட மாட்டேன்னு டாக்டர் சொல்றாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "ஏத்தினது நீங்க. இறக்கறதும் நீங்கதான்."

அறுபது பையன்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச் அவனருகே வந்து, "எனக்கு இறக்கத் தெரியாதுடா" என்றார். "இருபத்திரண்டு வருஷமா ஏத்த மட்டும்தான் கத்துக்கிட்டேன்."

"அப்ப கத்துக்குங்க. எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு டெல்வின் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மத்தியானம் கோச் என் சமையலறைக்கு வந்தார். "வெர்னீஸ், ஒரு ஆளைக் கம்மியா சாப்பிட வைக்கறது எப்படி?"

"என்னையா கேக்கறீங்க? என் இடுப்பைப் பாத்துட்டுக் கேளுங்க."

இருவரும் சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார். "கிளம்பற அன்னிக்குக் கையைக் குலுக்கி அனுப்பிவெச்சேன். இனிமே இந்த உடம்பை என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை சொல்லல."

"நானும்தான் சொல்லல" என்றேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தார், புத்தகங்கள் வாங்கிப் படித்தார். தினமும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி மைதானத்தைச் சுற்றி நடை என்று முடிவானது. முதல் நாள் ஒரே சுற்றில் டெல்வின் மூன்று தடவை உட்கார்ந்தான். கோச்சுக்குத் தெரிந்த ஒரே வித்தை கத்துவது. "எந்திரி! எந்திரிடா! இன்னும் பாதி இருக்கு!"

"கோச், நீங்க கத்தினா எனக்குப் பசிக்குது" என்றான் டெல்வின். "நாலு வருஷம் கத்திக் கத்தித்தானே சாப்பிட வெச்சீங்க."

மறுநாளிலிருந்து கோச் கத்தவில்லை, கூடவே நடந்தார். நான் டெல்வினுக்கு இரண்டு முட்டையும் ஒரு தட்டுக் கீரையும் வைத்தேன். அவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "மிஸ் வெர்னீஸ், ஆடு எங்க கட்டியிருக்கீங்க?"

ஆகஸ்டில் இன்னொரு பழைய முன்வரிசைக்காரன் வந்து கேட்டருகே நின்றான். யாரும் கூப்பிடவில்லை. அக்டோபருக்குள் ஐந்து பேர். விடிகிற வெளிச்சத்தில் அந்த ஐந்து உருவங்களும் வரிசையாக நடந்து வருவதைப் பார்க்க ஏதோ பழைய லாரிகள் மேடேறுகிற மாதிரி இருக்கும்.

தலைமை கோச் பிராண்ட் சைக்ஸுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கெட்டவரல்ல. ஜெயித்தால்தான் அவருக்கு வேலை. "ராய்ஸ், அவனுங்க இங்க சுத்தறது நல்லா இல்ல. புதுப் பசங்களைச் சேர்க்கற நேரம். குடும்பத்தோட வந்து பாக்கறாங்க."

"காலைல ஆறு மணிக்கு யாரு வந்து பாக்கப்போறா?"

"எவனாவது பாப்பான்."

ஒரு சனிக்கிழமை அப்படியே நடந்தது. மொபில் நகரத்திலிருந்து ஒரு பையன் தாயோடு வந்திருந்தான். அந்த அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், விடியலுக்கு முன்பே எழுந்து பழகியவர். மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல, சைக்ஸே கூட்டி வந்தார். நான் நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் நின்றிருந்தேன்.

"இவங்கல்லாம் யாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பழைய ஆட்டக்காரங்க. சும்மா எட்டிப் பாக்க வந்திருக்காங்க" என்றார் சைக்ஸ்.

அந்த அம்மா அவரை விட்டுவிட்டு ஹால்டேனைப் பார்த்தார். ஹால்டேன் தொப்பியைக் கழற்றினார். "நான் பண்ணின உடம்புங்க, மேடம். இப்ப இறக்கப் பாக்கறேன்."

"என் பையன் இப்ப இருநூத்தி முப்பத்தஞ்சு. இவனை எவ்வளவு ஆக்குவீங்க?"

"முந்நூறு."

"அதுக்கப்புறம்?"

சைக்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹால்டேன் முந்திக்கொண்டார். "இதுவரைக்கும் அதுக்கப்புறம்னு ஒண்ணு கிடையாது மேடம். போயிடுவாங்க, அவ்வளவுதான்."

அந்த அம்மா நன்றி சொன்னார். பையன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். நல்ல பையன், அணியில் சேர்க்க இரண்டு வருஷமாக எங்கள் ஆட்கள் துரத்தியவன். அந்த வருஷம் ஏழு ஜெயித்து ஐந்து தோற்றோம். டிசம்பரில் ஹால்டேனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடிதத்தில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அவருக்கு அப்போது ஐம்பத்தொன்று. இரண்டு கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு இடத்திலும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: கடைசி ஆட்டம் முடிந்ததும் கடைசி வருஷப் பையன்களை, படிப்பு முடிகிற மே மாதம் வரை என்னிடம் விடுவீர்களா, எடையை இறக்கி அனுப்புகிறேன் என்று. முதல் இடத்தில் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்த 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தபோது மனைவி ஜோலீன் பாதிச் சாமானைப் பெட்டியில் கட்டியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஆறு ஊர் மாறியவள். "பிரிச்சிடு, போகல" என்றாராம். அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாளாம். சந்தோஷத்தில் அழுதாளா, ஆத்திரத்திலா என்று கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

இப்போது டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இதய ஆபரேஷன் முடிந்தவர்களையும் முட்டி மாற்றியவர்களையும் எழுப்பி நடக்க வைக்கிற வேலை. அங்கே யாரும் அவருக்காகக் கொடி ஆட்டுவதில்லை. செவ்வாயும் சனியும் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் எங்கள் பெரிய ஆட்கள் கூடுகிறார்கள். இருபத்துமூன்று பேர். முதல் ஐந்து பேரில் ஒருவன், கோச்சுக்குக் கல்லூரி வேலை போன அடுத்த வசந்தத்தில், தூக்கத்திலேயே போய்விட்டான், வயது முப்பத்தெட்டு. சவப்பெட்டியைத் தூக்கப் பத்துப் பேர் தேவைப்பட்டது. கோச் முன்பக்கம் பிடித்திருந்தார். சனிக்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து நின்றார்.

டெல்வின் இருநூற்று எழுபத்தெட்டில் நிற்கிறான். அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது உடம்பு. முகத்தில் மாட்டும் குழாய் இன்னும் வேண்டியிருக்கிறது. ஆனால் ஓடுகிறான்.

போன ஜனவரியில் ஒரு பையன் வந்தான். சைக்ஸின் அணியில் கடைசி ஆட்டத்தை அப்போதுதான் முடித்தவன். வயது இருபத்திரண்டு, முந்நூற்றைந்து பவுண்டு. குளிரில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"கோச், எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. ஆனதுக்கப்புறம்தான் வரணுமா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படி வந்து கேட்டதில்லை. கோச் திரும்பி, "டெல்வின், இவனைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பையன் கிளம்பிய வேகத்தில் கூட்டத்தையே தாண்டிப் போய்விட்டான். பின்னாலிருந்து டெல்வின் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

"டேய், மெதுவாடா! யாரும் உன்னைத் துரத்தல!"