ஆந்தை வந்திருந்தார்

மேசையின் கடைசிக் கால் மட்டும் கழன்று வர மறுத்தது. கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகுகளை மூக்குக்கண்ணாடிகளில் மாட்டிக் கழற்றியே பழகிய கை அவனுடையது. இந்த முரட்டுத் திருகு அதற்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கொண்டுவருவதற்குள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். முழு மேசையாக அது அறை வாசலுக்குள் நுழையாது. அந்தச் சாக்கை வைத்துத்தான் இத்தனை வருஷமும் கூடத்தின் நடுவில் அதைப் போட்டு ஆண்டுகொண்டிருந்தாள்.

"மாப்ள, இந்தப் பெட்டிய அணைச்சுடட்டுமா? கொய்ங்னு கத்திக்கிட்டே கெடக்கு" என்றார் அவளுடைய அண்ணன். கை ஏற்கெனவே சுவிட்சுக்குப் போயிருந்தது.

"தொடாதீங்க மச்சான்!"

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. மச்சான் கையை எடுத்துவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போனார்.

அது செருப்பு டப்பா அளவுக்கு ஓர் இரும்புக் கூடு. உள்ளே வரிசையாக டிஸ்க்குகள். அதில் ஓடியது அவள் எழுதிய மென்பொருள். ஒரு வீட்டிலோ ஆபீஸிலோ இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டர்களும் நெட்வொர்க் வழியாகத் தங்கள் கோப்புகளை அதில் கொண்டுபோய் வைக்கலாம், வேண்டும்போது எடுக்கலாம். ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் மற்றவை சேர்ந்து அதிலிருந்ததை மீட்டுக் கொடுத்துவிடும். விலை கிடையாது. நிரலும் திறந்தே கிடக்கும், யாரும் படிக்கலாம், திருத்தலாம். "ஊருக்கே சும்மா குடுக்கறியே, உனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டால் படம் ஒன்றை ஓடவிட்டு, ஓட ஓட ஒரு டிஸ்க்கை வெடுக்கென்று உருவிக் காட்டுவாள். படம் நிற்காது. அவன் படத்தைப் பார்க்க மாட்டான், அவள் முகத்தைப் பார்ப்பான்.

அந்த முகம் பெரும்பாலும் திரைக்குத்தான் கிடைத்தது. இணையத்தின் வழியாகக் கூட வேலை செய்தவர்கள் யார் யாரோ வந்து போனார்கள். நிலைத்தது ஒருவர்தான். எந்நேரமும் விழித்திருப்பவர் என்பதால் 'ஆந்தை' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். திரையைப் பார்த்துத் திடீரென்று சிரிப்பாள்.

"யாரு?"

"ஆந்தைதான்."

"என்னவாம்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

பத்து வருஷமாக அந்த வீட்டில் இந்தப் பேச்சு மாறவில்லை. நல்ல உயரமும் வெண்ணெயாய் வழுக்கும் பேச்சுமாக ஓர் ஆளை மனத்துக்குள் செய்து வைத்து, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவன் அந்த ஆளோடு மல்லுக்கு நின்றிருக்கிறான்.

ஆனால் இன்று விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், உறவுக்காரர் எவருக்கும் சொல்வதற்கு முன்னால் அவள் நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தான். 'உடம்பு தேவலையா?' என்று ஆந்தை கேட்டிருந்தது திரையில் நின்றது. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, 'நான் அவள் கணவன். அவள் போய்விட்டாள்' என்று அடித்தான். வீட்டு முகவரியையும் சேர்த்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

திருகு ஒருவழியாகக் கழன்றது. அவளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானம் நெருங்கும்போது வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். கனத்த உடம்பு, வழுக்கைத் தலை, பஸ்ஸில் கசங்கிய சட்டை.

"யாரப் பாக்கணும்?" என்றார் மச்சான்.

"நான்... ஆ... ஆ..." வாய் அங்கேயே சிக்கிக்கொண்டது. கண்ணை இறுக மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

அவன் எழுந்துவிட்டான். "ஆந்தையா?"

அவர் தலையாட்டினார்.

அவளருகே வெகுநேரம் நின்றார். "இவ்ளோ சின்ன உருவமா?" என்றார். "எ... எழுத்தப் பாத்து பெரிய ஆளுன்னு நெனச்சிருந்தேன்."

அறைக்குள் அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தான். சுவரோரம் கால்களில்லாத மேசை. அதன் பக்கத்தில், அணைக்காமலே நீள வயரோடு நகர்த்தி வைத்த பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"தெனமும் காலைல நிரல் சரியா வேல செய்யுதான்னு இதுலதான் சோதனை ஓடும். ரிசல்ட் தானா எனக்கு வந்துரும். அவங்க ஆஸ்பத்திரில இருந்தப்பவும் வந்துச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இன்னிக்கும் வந்துச்சு. உங்க செய்திக்கு அப்புறம்."

பத்து வருஷம் அடக்கி வைத்திருந்ததை அவன் கேட்டுவிட்டான்.

"உங்ககிட்ட பேசறப்ப சிரிப்பாளே, எதுக்குங்க?"

"உங்களப் பத்தி நெறைய சொல்வாங்க. ஒருநாள் வீடு கூட்டறப்ப நீங்க வயரப் புடுங்கி விட்டுட்டீங்களாம். ஒரு கோப்புகூடப் போகல. இதவிடப் பெரிய சோதனை கெடையாதுன்னு அதையே நிரலா எழுதி வச்சிட்டாங்க. ஓடிட்டிருக்கும்போதே சொல்லாமக் கொள்ளாம கரண்ட நிறுத்தின மாதிரி பண்ணும். அதுக்குப் பேரே 'கண்ணாடிக்காரர்'. தெனம் காலைல மொதல்ல ஓடறது நீங்கதான்."

சிரிப்பு போல ஒன்று வந்து அவன் உதட்டில் கோணிக்கொண்டது. இது எனக்குப் புரிந்திருக்குமேடி என்று நினைத்தான்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அவர். "அவங்க கு... குரல் எப்படி இருக்கும்?"

"கேட்டதே இல்லையா?"

"போன் பண்றேன்னு எத்தனையோ தடவ சொன்னாங்க. நான்தான் ஏதாவது சாக்கு சொல்லிருவேன். எழுதறப்ப எனக்குத் தி... திக்காது."

அவன் சொல்லிப் பார்த்தான். "கொஞ்சம் கரகரன்னு... இல்ல, அப்படியும் இல்ல..." வார்த்தை அகப்படவில்லை. போனை எடுத்துத் தேடி, ஒரு குரல் பதிவைத் தொட்டு அவரிடம் நீட்டினான். அவர் அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். அப்படியும் அவனுக்குக் கேட்டது.

"ஏங்க, சாவிய விட்டுட்டுப் போயிட்டீங்க. பரவால்ல, நான் எங்கயும் போகல, வீட்லதான் இருப்பேன். அவசரப்படாம வாங்க. இது பதிவாகுதா என்னன்னு தெரியல. கேக்குதா?"

பதிவு முடிந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கே... கேக்குதுங்க" என்றார்.

"மாப்ள, வண்டி வந்துருச்சு" என்று கூடத்திலிருந்து மச்சான் கூப்பிட்டார். போனைத் திருப்பிக் கேட்காமல், கதவை மெல்லச் சாத்திவிட்டு அவன் வெளியே போனான்.