சிவப்பின் நடுவே ஒரு வெள்ளை

எங்கள் குழு கோர்த்த நூற்றிருபது பாசிமணிக் கழுத்துப் பட்டைகளில் ஒன்றுகூடத் தேறாது என்று நைரோபியிலிருந்து வந்த திட்ட மேலாளர் கரோலின் சொன்னாள். காரணம், ஒரு வெள்ளை மணி.

அவள் கொடுத்த மாதிரியில் கழுத்தை ஒட்டிய உள்வட்டம் முழுக்கச் சிவப்பு. எங்கள் பெண்கள் முப்பது பேரும் அந்தச் சிவப்பின் நடுவே ஒரு வெள்ளையை வைத்திருந்தார்கள். யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. ஒரே நிறத்தை இன்னொரு நிறத்தால் வெட்டாமல் ஓடவிட மாசாய்ப் பெண்ணின் கைக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பிரித்துக் கோர்க்க வேண்டுமாம். இல்லையென்றால் குழுவைத் திட்டத்தின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். ஆளுக்கு நான்கு பட்டை, ஒரு பட்டைக்கு நான்கு நாள். அன்று செவ்வாய். மழை பொய்த்து, ஆண்கள் மாடுகளை மலைப்பக்கம் ஓட்டிப்போய் இரண்டு மாதம். அடுப்பில் மாவு வெந்ததே இந்தப் பாசியால்தான்.

நான் இந்த மையத்துக்குத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்ததும் இதே திட்ட மேலாண்மைதான். சுவரில் ஒட்டிய திட்ட அட்டவணையில் பயிற்சிக்கு ஒரு வாரம், தரச் சோதனைக்கு ஒரு வாரம். கோர்ப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்க அரை நாள்கூட இல்லை. அதைப் பார்த்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் வேறு.

குழுத் தலைவி நோங்கூத்தா, என் அப்பாவின் இரண்டாம் மனைவி, மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது கழுத்துல போடறதா, கழுத்த அறுத்ததா?"

பெண்கள் சிரித்தார்கள். கரோலின் சிரிக்கவில்லை.

"வாங்கறவங்க கேட்டது இதுதான் அக்கா. அவங்க கழுத்து, அவங்க இஷ்டம்."

"கழுத்து அவங்களுதுதான். கை எங்களுது."

கரோலின் படிவத்தை என் பக்கம் தள்ளி, குழுவின் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். மாதிரியே தவறு, எங்களைக் கேட்காமல் வரைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் வேலையும் போகும் என்றாள். போகட்டும் என்றேன்.

எங்கள் வேலையை வேறு குழுவுக்கு மாற்றிவிட, அதே மாதிரியைக் கோர்க்கும் மற்ற இரண்டு மையங்களுக்கும் அங்கேயே போன் போட்டாள். முதல் மையத்தில் எண்பது பட்டை முடிந்திருந்தது. எண்பதிலும் வெள்ளை மணி. இரண்டாவதில் தொண்ணூறு. அங்கேயும் அதே கதை. அந்தப் பெண்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை.

போனை வைத்துவிட்டு அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று குழுவையும் எடுத்துவிட்டால் பட்டியலில் யாருமில்லை.

"மேலிடத்துக்கு என்னன்னு எழுதறது?" குரல் இறங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

"நான் எழுதினத அப்படியே அனுப்புங்க. வேணும்னா இப்படியே எடுத்துக்கட்டும். வேணாம்னா சந்தையில போட்டுக்கறோம். பிரிக்க மாட்டோம்."

கரோலின் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். அவள் கார் கிளம்பும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.