மேனேஜர் விரலுக்கு எரியாத பட்டன்

கீ கீ என்று பூட்டு போட்ட கூச்சலில் மூன்று மாடிக்காரர்களும் படிக்கட்டுக்கு ஓடி வந்தார்கள். மேனேஜர் வீட்டுக் கதவிலிருந்த எண் பூட்டு, அன்று மாலை முதல் அவருடைய விரலை மட்டும் ஏற்க மறுத்துவிட்டது. வேறு யார் எந்த எண்ணை அழுத்தினாலும் பட்டன் பச்சையாக எரிந்தது, கதவு திறந்தது. கூரியர்காரர் திறந்தார். மாடி வீட்டு டீச்சர் இரண்டு கையிலும் பையோடு முழங்கையால் இடித்தே திறந்தார். மேனேஜர் அழுத்தினால் பட்டன் செத்துக் கிடந்தது, குத்தினால் அலறியது.

அதை வாங்கி மாட்டியவரே அவர்தான். மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற சந்தேகத்தில், உள்ளேயும் வெளியேயும் எண் கேட்கும் பூட்டாகத் தேடிப் பிடித்தார். ஆபீஸ் கிளம்பும்போது தினமும் எண்ணை மாற்றுவார். அவள் ஜன்னல் கம்பி வழியாகத்தான் காய்கறி வாங்கினாள். அவளுடைய அம்மா இறந்த தகவல் வந்த அன்று ஆபீசில் ஆடிட் இருந்ததால் அவர் வரவில்லை, மாலை வரை கதவு திறக்கவில்லை. அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்தினாள். அடுத்த வாரம் பூட்டு அலறியது.

பூட்டு மெக்கானிக் வந்து பேட்டரி மாற்றினார். பட்டன்களைக் கழற்றி, அடியிலிருந்த ரப்பரை ஸ்பிரிட்டால் துடைத்தார். தான் அழுத்திப் பார்த்தார், திறந்தது. "கையில ஈரம் இருக்கும் சார், துடைச்சுட்டு அழுத்துங்க." மேனேஜர் துடைத்தார். கையுறை போட்டார். பேனாவால் குத்தினார். கடைசியில் மெக்கானிக்கின் விரலையே பிடித்து அழுத்தினார். மேனேஜர் கை பட்டதும் அந்த விரலும் செல்லாமல் போனது. பிறர் பின்னால் நுழையப் பார்த்தால், கதவு அவர் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. உடைக்க வந்த தச்சர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "திறக்கிற கதவை எதுக்கு சார் உடைக்கணும்?" என்றார்.

"திறடீ! இது என் வீடு!" என்று மேனேஜர் கத்தினார். உள்ளே குக்கர் விசில் அடித்தது.

மனைவியின் அண்ணன் வந்து சுண்டுவிரலால் தொட்டார். திறந்தது. "என்ன மாப்ளே, வெளியிலேயே நிக்கிறீங்க? யாரைப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

வருடங்கள் ஓடின. மேனேஜர் படிக்கட்டுத் திருப்பத்தில் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார். பணி ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்ததும் அதில்தான். வீடு பார்க்க வருகிறவர்களிடம் பார்க்கிங், தண்ணீர் வசதியோடு வாட்ச்மேன் அவரையும் சேர்த்துச் சொன்னார். மனைவி வேலைக்குப் போனாள், வந்தாள். கட்டிலை ஈரக் குடையைத் தாண்டுவதுபோல் தாண்டினாள். தினமும் காலையில் அவர் விரலைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு தடவை அழுத்துவார். எரியாது. திரும்பி வந்து பேப்பரை விரிப்பார்.

போன மாதம் அவர் சொல்லி, அதே மெக்கானிக் புதுப் பூட்டோடு வந்தார். "அம்மா, பழசு கெட்டுப்போச்சாமே, மாத்திடவா?"

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கட்டில் பக்கம் காதில் விழும்படி சொன்னாள்: "ஒரு நாள் கெட்டுத்தான் போச்சு தம்பி. எங்கம்மா செத்த அன்னைக்கு உள்ளேருந்து அழுத்து அழுத்துன்னு அழுத்தினேன், ஒரு பட்டனும் எரியலை. அப்புறம் தானா சரியாயிடுச்சு."